ஒரு திசையின் பிம்பம்: திரையிலும் செய்தியிலும் வடசென்னை

கேள்வியும் எல்லையும்

சென்னை மாநகரைப் பற்றிப் பத்திரிகைகளும் திரைப்படங்களும் பொதுப்பேச்சும் சேர்ந்து வளர்த்துள்ள சித்திரத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. மார்கழிக் கச்சேரி, கபாலீசுவரர் கோபுரம், டிகிரி காப்பி, அவற்றுக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் என்பவை ஒரு பாதி. குறுகிய சந்து, துறைமுகத்துக் கிரேன், ஹவுசிங் போர்டு மொட்டைமாடி, கத்தியோடு ஓடும் இளைஞன் என்பவை மறுபாதி. இந்த மறுபாதிக்கு இன்று வழங்கும் பெயர் வடசென்னை.

நிர்வாகக் கணக்கில் வடசென்னைக்கு ஏறத்தாழ ஓர் எல்லையைச் சொல்லிவிட முடியும். 2011-இல் விரிவாக்கப்பட்ட மாநகராட்சியின் 15 மண்டலங்களுள் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறும் அதற்குள் அடங்கும். பொதுப்பேச்சில் வழங்கும் வடசென்னையோ இந்த எல்லைக்குக் கட்டுப்படுவதில்லை. புதுப்பேட்டையும் சிந்தாதிரிப்பேட்டையும் அதற்குள் எளிதாக இழுக்கப்படுகின்றன; ஆறு மண்டலங்களுக்குள்ளேயே இருக்கும் சௌகார்பேட்டையின் வட்டிக்கடைகளும் கொளத்தூரின் நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளும் அதிலிருந்து நழுவிவிடுகின்றன.

இப்பிம்பத்தைப் பற்றி இதுவரை இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஊடகங்கள் இட்டுக்கட்டிய பொய் அது, அங்குள்ள மக்கள் வெள்ளந்தியானவர்கள் என்பது ஒன்று. காவல்துறைப் பதிவேடுகளே சாட்சி, படம் காட்டுவது உள்ளதைத்தான் என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிர் நிற்பன போலத் தோன்றினாலும், வடசென்னை என்றொரு தனிப் பண்புள்ள நிலப்பகுதி முன்பே இருக்கிறது, அதைப் பற்றிய செய்தி உண்மையா பொய்யா என்பதே கேள்வி என்று கொள்வதில் ஒன்றுபடுகின்றன. இக்கட்டுரை அதற்கு ஒரு படி முன்னே செல்ல முயல்கிறது: மாநகரம் முழுவதும் பரவிக் கிடந்த உழைக்கும் மக்களின் வாழ்வு எப்போது, எவ்வாறு ஒரு திசைக்குரியதாக மாறியது?

இதற்கு இரண்டு கருத்தாக்கங்கள் துணைசெய்யும். அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் 1922-இல் எழுதிய நூலில் முன்வைத்த வார்ப்புப் பிம்பம் என்பது முதலாவது. மனிதர் ஒரு பொருளைக் கண்டபின் அதற்கு வரையறை தருவதைவிட, கையிலுள்ள வரையறையைக் கொண்டே அதைக் காண்கின்றனர் என்பது அதன் சாரம். சமூகவியலாளர் லோயிக் வாக்கான் பாரிஸ், சிக்காகோ நகரங்களின் ஒதுக்கப்பட்ட பகுதிகளை ஆராய்ந்து வகுத்த இடக் களங்கம் இரண்டாவது. சாதி, இனம், வறுமை ஆகியவற்றால் வரும் இழிவோடு, வசிக்கும் முகவரியே தனியொரு இழிவாக ஒருவர்மேல் படிவதை அது குறிக்கும். சென்னையைப் பொறுத்தவரை இரண்டாவது கருத்தாக்கத்தைச் சிறிது மாற்றியே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. இங்கு முகவரியின் இழிவு சாதியின் இழிவுக்கு மேல் வந்து சேர்வதைக் காட்டிலும், சாதியை வெளிப்படையாகச் சொல்லாமலே சொல்லிவிடுவதற்கான வழியாகவே பெரிதும் பயன்படுகிறது.

மதிலும் ஆலையும்

நகரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது புதிதன்று. கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் நகரம், வெளியே வடக்கில் இருந்தது கறுப்பர் நகரம். 1746 முதல் 1749 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோட்டை ஆங்கிலேயரிடம் திரும்பியபின், கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் பாதுகாப்பைக் காரணம்காட்டி இடித்துத் தள்ளப்பட்டது. இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் நிற்பது அந்த நிலத்தில்தான். அதற்கும் வடக்கே உருவான புதிய குடியிருப்பைச் சூழ ஒரு மதில் எழுந்தது. மதிலுக்கான செலவை மக்களிடம் வரியாக வாங்க எண்ணியதன் நினைவு இன்றும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் தங்கியிருக்கிறது. இருந்தும் அன்றைய கறுப்பர் நகரம் ஏழைகளின் நகரமன்று. துபாஷிகளும் கோமுட்டி வணிகரும் ஆர்மீனியரும் அங்குதான் வாழ்ந்தனர்; இராமலிங்க அடிகள் ஏழுகிணற்றில் வாழ்ந்து கந்தகோட்டத்தில் பாடியதும், தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டதும் இதே பகுதியில்தான். வடக்கு என்றாலே வறுமையும் வன்முறையும் என்ற சமன்பாடு காலனிய மதிலிலிருந்து நேராக இறங்கி வந்ததாகச் சொல்வது வசதியான விளக்கம். வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

சமன்பாட்டின் வேர் ஆலைகளின் காலத்தில் தெரியத் தொடங்குகிறது. 1876-இல் பக்கிங்காம் ஆலையும் 1881-இல் கர்நாடிக் ஆலையும் பெரம்பூரில் எழுந்தபின், இரயில்வே பணிமனையும் துறைமுகமும் சேர்ந்து, செங்கல்பட்டு, வடார்க்காடு முதலிய மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை இங்கு இழுத்தன. அவர்களில் பெரும்பகுதியினர் ஆதிதிராவிடர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோரின் முயற்சியால் இங்குதான் தொடங்கியது.

1921-இல் நடந்தது பிம்ப வரலாற்றில் சிறிது நின்று பார்க்கத்தக்கது. ஆறு மாத வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குத் திரும்ப, சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளருக்கும் அவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் மோதல்கள் வெடித்தன. குடிசைகள் கொளுத்தப்பட்டன, காவலர் துப்பாக்கியும் சுட்டது. கூலி, ஆலை நிர்வாகத்தின் பிரித்தாளும் உத்தி, தொழிற்சங்கத்துக்குள் இருந்த சாதி, அரசின் தொழிலாளர் துறை எடுத்த நிலைப்பாடு, காங்கிரசுக்கும் நீதிக்கட்சிக்கும் இடையிலான பகை ஆகிய அனைத்தும் பின்னிய நிகழ்வு அது. வரலாற்றில் அதற்கு நிலைத்த பெயரோ புளியந்தோப்புக் கலவரம். காரணங்கள் உதிர்ந்தன, பேட்டையின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தொழில் தகராறு ஒன்று வட்டாரத்தின் குணமாக எழுதப்படும் முறைக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி கிடைப்பது அரிது.

குப்பத்துக்குத் திசை இல்லாத காலம்

இருப்பினும் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ்த் திரை உழைக்கும் மக்களை வடக்கில் நிறுத்தவில்லை. 1958-இல் வெளியான 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ஏற்ற ரிக்ஷாக்காரர் வேடத்திலும், பின்னர் தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன், மனோரமா ஆகியோரின் நகைச்சுவையிலும் ஒலித்த மெட்ராஸ் பாஷை, நகரத்தின் எல்லாக் குப்பங்களுக்கும் பொதுவான பேச்சாகவே பயன்பட்டது. தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் கலந்த அந்தப் பேச்சு சைதாப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் பட்டினப்பாக்கத்திலும் எவ்வளவு வழங்கியதோ அவ்வளவே வண்ணாரப்பேட்டையிலும் வழங்கியது. அதைப் பேசுபவர் சிரிப்புக்குரியவராக இருந்தார், அச்சத்துக்குரியவராக இல்லை. ஜெயகாந்தன் தம் 'உன்னைப்போல் ஒருவன்' கதையை 1965-இல் படமாக்கியபோதும் சேரி வாழ்வு நகரத்துக்குப் பொதுவான மனித நிலையாகவே நின்றது. 1971-இல் 'ரிக்ஷாக்காரன்' எம்.ஜி.ஆருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 1973-இல் மனிதரை மனிதர் இழுக்கும் கைரிக்ஷா ஒழிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் முன்பே, 1970-இல், குடிசை மாற்று வாரியம் பிறந்தது. அக்காலத் திராவிட அரசியலில் குப்பம் வாக்குவங்கியாகவும் அறக்கேள்வியாகவும் ஒருசேர இருந்தது. அதைத் திரையில் கேலி செய்யலாம், காப்பாற்றலாம். வேலி போட்டு ஒதுக்க முடியாது, ஏனெனில் அது எல்லாத் தெருமுனையிலும் இருந்தது.

திசை பெயரானது எப்போது

மாற்றம் 1990-களின் இறுதியிலிருந்து வருகிறது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளாகிய பின்னி ஆலைகள் மூடப்பட்டன. துறைமுகத்தில் கொள்கலன் முறை வேரூன்றியபின் மூட்டை சுமந்த கைகளுக்கு வேலை குறைந்தது. அதே காலத்தில், 2000-இல், தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு நகரத்தின் பணமும் கவனமும் தெற்கே நகர்ந்தன. தெற்கு என்பது எதிர்காலமாக மாறியபோது வடக்கு கடந்தகாலமாக மாற நேர்ந்தது. ஒப்பிடுவதற்கு மற்றொரு முனை இருந்தால்தான் திசைக்குப் பொருள் வரும்.

திரை இதைப் பின்தொடர்ந்தது. 2006-இல் வந்த 'புதுப்பேட்டை'யும் 2007-இல் வந்த 'பொல்லாதவ'னும் சென்னைக் குற்ற உலகத்துக்கு ஒரு காட்சிமொழியைத் தந்தன. முதல் படத்தின் தலைப்பிலுள்ள ஊர் எழும்பூரை ஒட்டி நகரின் நடுவில் இருப்பது என்பதைப் பார்வையாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. நினைவில் அது வடசென்னைப் படமாகவே தங்கிவிட்டது. வன்முறையை நிலவாரியாகப் பங்கிட்டுத் தருவது தமிழ்த் திரைக்குப் பழகிய வேலை என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும். மதுரைக்கு அரிவாள் என்றால் சென்னைக்குக் கத்தி. மதுரையைப் பெருமையோடு காட்டிய படங்கள் அரிவாளைச் சாதி வீரத்தின் அடையாளமாக்கின. சென்னையின் கத்திக்கு அப்படியொரு குலப்பெருமை கிடைக்கவில்லை என்பது தற்செயலாக இருக்க முடியாது.

2018 அக்டோபரில் வெற்றிமாறனின் 'வடசென்னை' வெளிவந்தபோது திசை தலைப்பாகவே ஆனது. அப்படத்தை ஊன்றிப் பார்ப்பவருக்கு ஒரு முரண் புலப்படும். எம்.ஜி.ஆர். மறைவு, ராஜீவ் காந்தி படுகொலை என்று ஆண்டுகளைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டே செல்லும் கதையின் நடுவே இருப்பது நிலம்; கடலோரக் குடியிருப்பை அகற்றிச் சாலை போடும் திட்டத்தை எதிர்க்கும் ராஜனின் கொலையிலிருந்துதான் மற்றெல்லாக் கொலைகளும் கிளைக்கின்றன. நாயகன் அன்பு கேரம் விளையாட்டுக்காரன். சிறைக்குள் கேரம் பலகையைச் சுற்றி ஆட்கள் கூடும் இடமே கத்தி இறங்கும் இடமாகவும் ஆகிறது. யார் நிலத்தை யார் எடுக்கிறார் என்பது படத்தின் வாதம். சமூக ஊடகத் துணுக்குகளிலும் கேலிப் படங்களிலும் எஞ்சியவை வசவுச் சொற்களும் குத்தும் காட்சியும். மீனவர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்து, இயக்குநர் வருத்தம் தெரிவித்துக் காட்சிகளை நீக்க முன்வந்தது இதன் தொடர்ச்சி. படைப்புச் சுதந்திரத்தின் பக்கம் நின்றவர்கள் அந்த எதிர்ப்பை மிகை உணர்ச்சியாகக் கண்டனர். படத்தின் வாதம் எவ்வளவு கூர்மையானதாக இருப்பினும், அதன் காட்சிகள் தங்கள் பிள்ளைகள் வேலை கேட்டுச் செல்லும் அலுவலகங்களுக்கு முன்கூட்டியே சென்று சேர்ந்துவிடும் என்று அஞ்சியவரின் கணக்கையும் தள்ளிவிட இயலாது.

செய்தி வாக்கியத்தின் அமைப்பு

திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் செய்வதை நாளிதழ்ச் செய்தி ஒரே வாக்கியத்தில் செய்து முடிக்கிறது. கொலைச் செய்தியொன்றின் வழக்கமான கட்டமைப்பைக் கவனிக்கலாம்: முதலில் பேட்டையின் பெயர், அடுத்து 'பிரபல ரவுடி' என்ற அடைமொழி, பின் ஊராலோ உடற்குறையாலோ தொழிலாலோ அமைந்த பட்டப்பெயரோடு சேர்ந்த இயற்பெயர், நிலுவையிலுள்ள வழக்குகளின் எண்ணிக்கை, முடிவில் 'பழிக்குப் பழி' என்ற காரணம். இவற்றில் பெரும்பாலானவை காவல்துறையின் சரித்திரப் பதிவேட்டிலிருந்து நேராக வருபவை. அப்பதிவேட்டில் உள்ளோர் ஏ பிளஸ், ஏ, பி, சி எனத் தரம் பிரிக்கப்படுவதும் செய்தியில் அப்படியே இடம்பெறுகிறது. நிருபருக்கு இரவு எட்டு மணிக்குள் கிடைக்கும் ஒரே ஆதாரம் காவல் நிலையம் என்பதால் இதில் சதி எதையும் தேட வேண்டியதில்லை. தொழிலின் நடைமுறையே போதும். ஆனால் விளைவு ஒன்றுதான். தெற்கில் கொல்லப்படுபவர் பெரும்பாலும் தம் தொழிலால் அறியப்படுகிறார், 'ஐ.டி. ஊழியர்' என்பதுபோல, வடக்கில் கொல்லப்படுபவர் தம் பேட்டையால் அறியப்படுகிறார். முன்னதில் குற்றம் ஒரு மனிதருக்கு நேர்ந்தது. பின்னதில் அது ஓர் இடத்தில் விளைந்தது.

தேர்தல் செய்தியிலும் இதே இலக்கணம் தொடர்ந்தது. 2017 ஏப்ரலில் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாவைக் காரணம்காட்டி இரத்து செய்யப்பட்டு டிசம்பரில் மீண்டும் நடந்தபோது, 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தனர் என்ற குற்றச்சாட்டு பல மாதங்கள் நகைச்சுவைப் பொருளாயிற்று. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி விரைவில் ஓய்ந்தது; வாங்கியவரைப் பற்றிய கேலி ஓயவில்லை. 2015-லும் 2016-லும் ஜெயலலிதாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது. 2011 முதல் மூன்று தேர்தல்களில் மு.க. ஸ்டாலினைத் தேர்ந்தெடுத்த கொளத்தூரும் தொலைவில் இல்லை. முதலமைச்சர்களை அனுப்பும் பகுதி என்ற பெயரை இந்தத் திசை ஏனோ பெறவே இல்லை.

மறுபிம்பமும் அதன் விலையும்

பிம்பத்தை உள்ளிருந்து எதிர்கொண்ட முயற்சிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளன. 2014-இல் பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' ஹவுசிங் போர்டு குடியிருப்பில் படித்து வேலைக்குச் செல்லும் இளைஞரையும் கால்பந்தாட்டக்காரரையும் மையமாக்கி, ஒரு சுவருக்கான சண்டையை அதிகாரத்துக்கான சண்டையாக விரித்துக் காட்டியது. 2021-இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' 1970-களின் குத்துச்சண்டை மரபை நெருக்கடி நிலைக் கால அரசியலோடு இணைத்தது. ஆங்கிலோ-இந்தியர் ஒருவரை நாயகனுக்குத் துணைநிற்பவராகக் காட்டி, அப்பகுதியின் பல்வகைமையையும் சிறிது நினைவூட்டியது. எழுத்தில் கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்', ஷாலின் மரிய லாரன்ஸின் 'வடசென்னைக்காரி' முதலியவை பழைய வசைப்பெயர்களையே தலைப்பாக எடுத்துக்கொண்டு திருப்பி எழுதின. கானா, சாவு வீட்டிலிருந்து பெருமேடைகளுக்கு ஏறியது.

இவற்றின் சாதனை மறுக்க முடியாதது. அதே வேளையில், பழைய வார்ப்பு உடைந்த இடத்தில் புதிய வார்ப்பொன்று உருவாகிவருவதையும் மறைக்க வேண்டியதில்லை. கானா, குத்துச்சண்டை, கால்பந்து, கேரம், மாட்டுக்கறி, பேனர் என்ற பட்டியலைக் கொண்டு இன்று எந்த இயக்குநரும் ஒரு வாரத்தில் வடசென்னையைத் தயாரித்துவிடலாம். அப்பட்டியலுக்குள் மண்ணடி முஸ்லிம்களும் சௌகார்பேட்டை மார்வாடிகளும் வியாசர்பாடியில் குடியேறிய பர்மா அகதிகளின் சந்ததியும் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களும் அரிதாகவே நுழைகின்றன. பெண்களின் நிலை இன்னும் மோசம். தாயாக அழுவதற்கும் காதலியாகத் திட்டுவதற்கும்தான் பெரும்பாலும் திரை அவர்களை அழைக்கிறது. கேரமையே எடுத்துக்கொண்டால், வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008-இல் உலக வாகையராகிப் பத்தாண்டுகள் கழித்தே 'வடசென்னை'யின் அன்பு திரைக்கு வந்தான். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இதே பகுதியினர். உண்மையில் உலகை வென்ற கேரம் பலகைக்கு முன்னால் அமர்ந்திருந்தவர்கள் பெண்கள். புனைவு அங்கு ஓர் ஆணை அமர்த்திக் கையில் கத்தியையும் கொடுத்தது.

பிம்பம் செய்யும் வேலை

பிம்பம் மனத்தைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. எந்தச் சுமையை எங்கு இறக்கலாம் என்பதையும் அது எளிதாக்குகிறது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூரில் அனல்மின் நிலையம், 1990-களில் அத்திப்பட்டில் மற்றோர் அனல்மின் நிலையம், கொடுங்கையூரில் குப்பைமேடு என்று நகரத்துக்கு வேண்டிய, ஆனால் நகரம் அருகில் வைத்துக்கொள்ள விரும்பாத அனைத்தும் வடக்கே சேர்ந்தன. அத்திப்பட்டு நிலையத்துக்கு இட்ட பெயரே வடசென்னை அனல்மின் நிலையம் என்பது கவனத்துக்குரியது. திரைப்படத்துக்கு இருபதாண்டுகள் முன்பே திசை ஒரு புகைபோக்கிக்குப் பெயராகியிருந்தது. இந்த இடத்தேர்வுகளுக்குத் துறைமுகமும் இரயில் பாதையும் கழிமுக நீரும் காரணங்கள்தாம். பிம்பம் அவற்றைத் தோற்றுவித்தது என்பது மிகைக்கூற்றாகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் மணலியை மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாக மதிப்பிட்ட பின்னும் சுமை குறையாததற்கு விளக்கம் தேடும்போதுதான் பிம்பத்தின் பங்கு தெரிகிறது.

2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, மக்கள் வாளிகளில் அள்ளிய காட்சி நாடெங்கும் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, படகையும் வலையையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. அதே மாத இறுதியில் உரத்தொழிற்சாலைக் குழாயிலிருந்து கசிந்த அமோனியாவால் ஊரே இரவில் வீட்டைவிட்டு ஓடியது. செய்தி ஓரிரு வாரங்கள் நின்றது. அது 'வடசென்னைச் செய்தி'யாகவே நின்றது என்பதுதான் பொருட்படுத்தத்தக்கது. வெள்ளம் வேளச்சேரியில் புகும்போது சென்னை மூழ்குகிறது. எண்ணெய் எண்ணூரில் புகும்போது எண்ணூர் மட்டுமே கறுக்கிறது.

திசையின் பெயர் இப்போது அரசின் கோப்புகளிலும் நலத்திட்டமாக நுழைந்துவிட்டது. மெட்ரோ இரயில் 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, விம்கோ நகரை அடைய 2021 ஆனது. 2023-24 வரவுசெலவுத் திட்டத்தில் 1,000 கோடி ரூபாயில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. பின்தங்கிய பகுதிக்குத் தனி நிதி தேவை என்பதில் ஐயமில்லை. பின்தங்கியது எதனால் என்ற கணக்கு அத்திட்டங்களின் பெயரில் இல்லை.

திசைக்கும் களங்கத்துக்கும் உள்ள தொடர்பு நில அமைப்பால் வந்ததன்று என்பதற்கு மிகத் தெளிவான சான்று நகரின் தென்கோடியில் கிடைக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் நகரின் பல்வேறு குப்பங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும், பின்னர் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்டன. இரண்டும் தகவல் தொழில்நுட்பச் சாலைக்கு மிக அருகில், தெற்கின் எதிர்காலத்துக்கு நடுவில் இருப்பவை. அங்குள்ள பெண்கள் பலர் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் துப்புரவுப் பணிக்கும் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கும் செல்கின்றனர். குடியேறிய சில ஆண்டுகளுக்குள் செய்திகளில் அவ்வூர்களுக்குக் கிடைத்தவை அதே அடைமொழிகள். முகவரியைப் பார்த்ததும் வேலை மறுக்கப்பட்டதாக அங்குள்ள இளைஞர் சொன்னவை பல முறை பதிவாகியுள்ளன. அவர்களுள் சிலர் விண்ணப்பத்தில் ஊரின் பெயரை விட்டுவிட்டு, பக்கத்திலுள்ள துரைப்பாக்கத்தின் பெயரை எழுதிக்கொள்கின்றனர்.